அளக்காத பதினொரு நாள்

துவாஸ். காலை ஒன்பதரை.
நிழலிலேயே முப்பத்திரண்டு டிகிரி.
நான் மைனஸ் முப்பத்தெட்டில் இருக்கிறேன்,
அதாவது திரையில்.

நான் போகாத, போகவும் போகாத
ஒரு வடகடலில் நிற்கப்போகிற மேடைக்கு
நான்கு கால்.
ஒரு கால் பதினான்கு மீட்டர் அகலம்.
நகர்ந்து வரும் பனித்தட்டின் தடிமன்
ஒன்று புள்ளி நான்கு.
நொறுங்கும் வலிமை ஒன்றரை மெகாபாஸ்கல்
என்று வைத்தால்
பெருக்குவது பள்ளிக் கணக்கு.
காலுக்கு மூவாயிரம் டன்.
சாலையில் போகும் இரட்டைமாடிப் பேருந்துகளில்
நூற்றைம்பதை ஒன்றாகக் கட்டி
பக்கவாட்டில் சாய்த்தது போல.

'என்று வைத்தால்.'
அந்த இரண்டு சொல்லுக்குத்தான்
எனக்குச் சம்பளம்.

பனியோடு எனக்குப் பழக்கமில்லை.
ஐஸ் கச்சாங் தெரியும்.
சூடான கோப்பி விழும்போது
குவளைக்குள் கட்டி விரிசல் விடும் சத்தம் தெரியும்.
அதனால் போன வாரம்
ராத்திரி மூன்று மணிக்கு
ஜூரோங் மீன்துறைமுகத்துக்குப் போனேன்.
மீன் வாங்காமல் ஐஸ் பாளத்தையே பார்த்து நின்றவளிடம்
பாளம் இறக்குகிற ஆ செங் கம்பியை நீட்டினார்,
என்னதான் செய்கிறாள் பார்ப்போம் என்று.
கம்பிமேல் என் எடை முழுதையும் வைத்தேன்.
நெடுநேரம் ஒன்றுமில்லை.
கம்பி மட்டும், யோசித்து யோசித்து, இறங்கியது.
அவர் வாங்கி ஓங்கி ஒரு போடு போட்டார்.
என் செருப்பெல்லாம் தூள்.

மெல்ல வந்தால் பனி குழையும்.
விரைந்து வந்தால் உடையும்.
குழைவதா உடைவதா என்று அது தயங்குகிற
ஒரு வேகம் நடுவில் இருக்கிறது.
கால்கள் அஞ்ச வேண்டியது அதற்குத்தான்.
அந்தத் தயக்கத்தின் தாளம்
இரும்பின் சொந்தத் தாளத்தோடு சேர்ந்துவிட்டால்
மேடை மொத்தமும் நடுங்கும்,
மேசைமேல் இருக்கும் தேநீர்தான் முதலில் சொல்லும்.

லுத்மிலா என்றொருத்தி
பத்துக் குளிர்காலம் துளையிட்டு அளந்த பேரேடு
நகலாக வந்திருக்கிறது.
ஏழு என்ற எண்ணுக்குக் குறுக்கே
கோடு போடுகிறவள்.
பிப்ரவரி:
118, 121, 121, 126.
பிறகு பதினொரு வரி வெறுமை.
ஓரத்தில் கிறுக்கலாய் ஏதோ.
மொழிபெயர்ப்பாளர் எழுதித் தந்தது:
'போக இயலவில்லை.'
அப்புறம் 139.

"நடுவில் ஒரு கோடு போட்டு இணைத்துவிடேன்,"
என்கிறாள் பக்கத்து இருக்கை ஷி ஹுய்.
அவள் சொல்வதில் தப்பில்லை.
எல்லாரும் அப்படித்தான் இணைக்கிறோம்.
ஆனால் ஓர் அளவுகோலை ஏந்திக்கொண்டு
மனுஷி வெளியே போக முடியாத நாளில்
கடல் கோடு போட்டாற்போலவா நடந்திருக்கும்?

மதியம் பட்டறையில்
குளிர்நாட்டு எஃகின் சோதனைத் தகட்டை
அடுப்புச் சூட்டில் வாட்டிக்கொண்டிருந்தார் வீரையன்.
பற்றவைக்கும் முன் நூற்றுப் பத்து டிகிரி ஏற வேண்டும்.
தோல் அங்கிக்குள் அவர் என்ன டிகிரியோ,
அதை யாரும் குறித்துவைப்பதில்லை.

"எத்தனை வருசம் தாங்கணும் மேடம் இது?"

நூறு வருஷத்துக்கு ஒருமுறை வருகிற
பனியைத் தாங்கணும் என்றேன்.

முகமூடியைத் தூக்கினார்.
"அது அடுத்த வருசமே வந்துட்டா?"

வரலாம் என்றேன்.
சரிதான் என்று தலையாட்டி
முகமூடியை இறக்கிக்கொண்டார்.
நீலமாய் ஒரு பொறி.
நான் வேறு பக்கம் பார்த்தேன்.

மாலை ஐந்து.
ஏர்கானுக்குப் பயந்து சால்வைக்குள் உட்கார்ந்து
ஒன்று புள்ளி நான்கை அழித்து
ஒன்று புள்ளி ஏழு என்று அடித்தேன்.
காலுக்கு அறுநூற்று நாற்பது டன் கூடிற்று.
எஃகு கூடும். விலை கூடும்.
நாளை காலைக் கூட்டத்தில்
திரு. ஓங் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார்.

'காரணம்' என்று ஒரு கட்டம் உண்டு.
சூத்திரம் எண், நூல் எண் எழுதுகிற இடம்.

அவளால் போக இயலவில்லை
என்று எழுதினேன்.